முதல் வாய்

ஆகஸ்ட் 14

காலையில் இறந்துபோன ஒரு கிழவியின் மய்யித்தைக் குளிப்பாட்டினேன். மதியம் ஓதல் வகுப்பு. சாயங்காலம் வம்பு. என் நாட்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகின்றன.

இன்றைய வம்பு ஒரு மிட்டாய்ப் பையில் வந்தது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்த தியெ லான், தன் மகளுக்கு வாங்கிய ஜெல்லி மிட்டாயை என் முன் வைத்தாள். பையின் முன்பக்கம் சீனத்திலும் அரபியிலும் பச்சை எழுத்தில் ஹலால் முத்திரை. பின்பக்கம் பொடி எழுத்தில் ஜெலட்டின். ஹாய் தலைவரின் ஆலையில் செய்த சரக்கு.

"ஆஹோங் அக்கா, இந்த ஜெலட்டின் மாடா, கறுப்பா?"

பன்றி என்ற சொல்லை எங்கள் தெருவில் யாரும் வாயில் எடுப்பதில்லை. 'கறுப்பு' என்போம். நான் இங்கே பன்றி என்றே எழுதுவேன். எழுதினால் நாக்கு அழுக்காகாது.

"தெரியலம்மா. கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆண்கள் பள்ளிவாசல், பெண்கள் பள்ளிவாசல் இரண்டுக்குமான நிர்வாகக் குழுவுக்கு ஹாய்தான் தலைவர். என்னைப் பெண்கள் பக்கத்துக்குத் தொழவைத்து ஓதிக்கொடுக்கும் ஆஹோங்காக அமர்த்தி, அங்கி போர்த்தி, இந்த அறையைக் கொடுத்தவர். மூன்று வருட ஒப்பந்தம். நபி பிறந்தநாளான இந்த மீலாதோடு முடிகிறது.

ஆகஸ்ட் 16

கேட்டேன். மனிதர் மழுப்பவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

"ரெண்டும்தான் ஆஹோங். சந்தையில எது சரிப்பட்டு வருதோ அது. அதுல என்ன இருக்கு? தோலு தோலாவா இருக்கு? பொடியாகி, மணமில்லாம நிறமில்லாம வருது. பொருளே மாறிப்போச்சு. தாவூத் ஆஹோங்கையே கேட்டுட்டேன், கூடும், ஹலால்தான்னுட்டார்."

தாவூத், ஆண்கள் பள்ளிவாசலின் ஆஹோங். மார்க்கக் கிதாபெல்லாம் படித்தவர். அவர் பெயரைச் சொன்னதும் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "மீலாது அன்னிக்கு உங்க பக்கத்துப் பிள்ளைங்களுக்கு என் மிட்டாய்தான். பெட்டி பெட்டியா அனுப்பறேன். நீங்க பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் வாய் வெச்சுட்டாப் போதும், பொம்பளைங்க வாய் அடங்கிடும்."

முதல் வாய். எங்கள் பள்ளிவாசலில் விருந்து நாளில் ஆஹோங் ஒரு துண்டு வாயில் வைக்கும்வரை வேறு யார் கையும் தட்டுக்குப் போகாது. கைக்குழந்தையின் கையைக்கூடப் பிடித்துக்கொள்வார்கள். என் வாயைப் பார்த்து மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். அதை வாடகைக்குக் கேட்கிறார் ஹாய்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஏன் அப்படிச் சொன்னேன்? அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வரும் வழியெல்லாம் என்னையே வைதுகொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17

காலையில் என் கணவர் சூப் கொண்டுவந்தார். கல்யாணமான நாளிலிருந்து இவருக்கு மிளகு சூப் கடைதான். நான் பள்ளிவாசல் அறையில் இருப்பதால், கடை கூட்டம் குறைந்ததும் ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

சொன்னேன். கேட்டுவிட்டு மூக்கைச் சொறிந்தார். "ஒரு மிட்டாய்க்கா இவ்ளோ? வாயில போட்டுட்டு, திரும்பி நின்னு துப்பிடேன்."

"நீங்க துப்புவீங்க. நான் பிஸ்மில்லாஹ் சொல்லிட்டுத் துப்பணுமா?"

"வேலை போயிடும் ஸஃபிய்யா."

"போகட்டும்."

"போகட்டும்னு சொல்றது சுலபம். கடையில வந்து வெங்காயம் நறுக்குவியா?"

"உங்களைவிடப் பொடியா நறுக்குவேன்."

சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலை எனக்கு உயிர். இந்தத் தெருவில் கடைசிக் குளியலுக்கு என் கையை நம்பியிருக்கும் பெண்கள் எத்தனை பேர்! "என்னை நீங்கதான் குளிப்பாட்டணும்" என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள் கிழவிகள். அதை விட்டுப் போவதா?

ஆகஸ்ட் 18, வெள்ளி

சொல்லிவிட்டேன். தொழுகை முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே.

"இந்த மிட்டாயில பன்றி ஜெலட்டின் கலந்திருக்கு. ஆலைக்காரரே சொன்னார். பொருள் மாறிட்டதால கூடும்னு சொல்ற ஆலிம்கள் இருக்காங்க. மாறலைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கு மாறினதாத் தெரியல. அதனால மீலாதுல நான் முதல் வாய் வைக்க மாட்டேன். சாப்பிடறவங்களை நான் ஒண்ணும் சொல்லல. அது அவங்க பாடு."

பன்றி என்று வாய்விட்டே சொன்னேன். நாலைந்து பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். தின்னும்போது வாயைப் பொத்தாதவர்கள், கேட்கும்போது மட்டும் காதைப் பொத்துகிறார்களாம்!

முன்வரிசையில் ஹாயின் மனைவி ஜமீலா. தலை நிமிரவேயில்லை. பாவம் அவள். ஆனால் அவளுக்காக நான் வேறு மாதிரிப் பேச முடியுமா?

ஆகஸ்ட் 21

தாவூத் ஆஹோங் வந்தார். ஆண்கள் எங்கள் வளாகத்துக்குள் வருவதில்லை. வாசலுக்கு வெளியே முக்காலி போட்டு அவர், உள்ளே படியில் நான். தெருவில் போன பாதிப் பேர் காய்கறிக்காரனிடம் விலை பேசுவதுபோல நடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

"உப்பளத்துல கழுதை விழுந்து செத்து, நாளாவட்டத்துல உப்பாவே ஆயிடுச்சுன்னா அந்த உப்பு சுத்தம். நம்ம ஹனஃபி சட்டக் கிதாபுல இருக்கு. நீயும் படிச்சிருக்கியேம்மா" என்றார்.

"படிச்சிருக்கேன் ஆஹோங். அந்த உப்பைக் கரைச்சா கழுதை வருமா?"

"வராது."

"எதிர்த் தெருவுல, முஸ்லிம் இல்லாத ஹான்காரங்க கடையில பன்றித்தோலைக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, கட்டி கட்டியா வெட்டி விக்கிறாங்க. அதைச் சாப்பிடலாமா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! அது அசல் தோலாச்சே."

"ஜெலட்டினும் அந்தக் கூழ்தானே? காய வெச்சுப் பொடி பண்ணியிருக்காங்க. வெந்நீர் ஊத்துனா திரும்பக் கூழாகுது. எங்க மாறுச்சு?"

அவர் தாடியைத் தடவினார். "அமிலத்துல, சுண்ணாம்புல நாள் கணக்கா ஊற வெக்கிறாங்கம்மா. சும்மா கொதிக்க வெக்கிறதில்ல."

"வாத்து முட்டையையும்தான் சுண்ணாம்புல ஊற வெக்கிறோம். உள்ள கறுத்து, நாத்தம் புடிச்சு வருது. அது முட்டை இல்லைன்னு ஆயிடுதா?"

காய்கறிக்காரன் கெக்கென்று சிரித்துவிட்டான். தாவூத்துக்கும் உதடு துடித்தது. நல்ல மனிதர், கோபப்படவில்லை. "நீ சொல்றதுல சத்து இருக்கு. ஆனா நான் சொல்றதுக்கும் ஆதாரம் இருக்கு" என்று எழுந்தார்.

"இருக்கு ஆஹோங், இல்லைன்னு சொல்லல. உங்க ஆதாரத்தை நீங்க வாயில வைங்க. என் வாயை விட்டுடச் சொல்லுங்க."

கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பேசிவிட்டேன். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனால் சொன்னது தப்பில்லை.

ஆகஸ்ட் 26

ஜமீலா வகுப்புக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 28

வந்தாள். அதே முன்வரிசை. பாடத்தைத் தவிர வேறு பேச்சில்லை. போகும்போது மட்டும் "வீட்டுல மிட்டாய்ப் பையை அலமாரி மேல ஏத்தி வெச்சுட்டேன்" என்றாள். ஹாய் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

செப்டம்பர் 5

நிர்வாகக் குழு கூப்பிட்டது. போனேன். ஹாய் இவ்வளவு நாள் இதைத்தான் மடியில் கட்டி வைத்திருந்தார் போல. நான் உட்காரக்கூட இல்லை.

"ஆஹோங், மீலாதுக்கு எண்ணெய் ரொட்டி எந்த மாவுல சுடுவீங்க?"

"எப்பவும் வாங்கற மாவுலதான்."

"அந்த மாவுல ஆலைக்காரன் ஒரு பொடி கலக்கறான், தெரியுமா? மாவு இழுத்த இழுப்புக்கு வரணும், எண்ணெயில போட்டா புஸ்ஸுன்னு உப்பணும்னு. அந்தப் பொடி எதுல செய்றாங்கன்னு தெரியுமா? முடியில! முடிவெட்டற கடையில கூட்டி அள்ளுற முடி, வாத்து இறகு, கறுப்போட மயிரு. எது கைக்கு வருதோ அது. நானும் தின்பண்டத் தொழில்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா? என் மிட்டாய்க்கு மட்டும் பெரிசா ஃபத்வா குடுத்தீங்களே. வருஷா வருஷம் உங்க கையால தெரு முழுக்க முடியை ஊட்டியிருக்கீங்க!"

சுற்றியிருந்த கிழவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர் சிரிப்பு தாங்காமல் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"மாவு ஆலையில விசாரிச்சுச் சொல்றேன்" என்று திரும்பி வந்தேன், நானா அப்படி வந்தேன்!

செப்டம்பர் 6

மாவு ஆலைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். பொடி கலப்பது உண்மைதானாம். முடியா இறகா என்று கேட்டேன். "எங்களுக்கு டின்னுல வருதுங்க. எதுல செஞ்சா என்ன, ரொட்டி நல்லாத்தானே வருது?" என்றாள். அவள் மேல் தப்பில்லை.

மதியம் தாவூத் ஆஹோங் மறுபடி வந்தார். நேற்று கூட்டத்தில் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். அதே முக்காலி. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இதுக்கு உனக்கு வழி இருக்கும்மா. முடியை அமிலத்துல கரைச்சு, அதுலேருந்து வேற ஒரு பொருளைப் பிரிச்சு எடுக்கறாங்க. இது கூழ் மாதிரி இல்ல. இது நிஜமாவே மாறிடுது. கழுதையும் உப்பும் இதுக்குப் பொருந்தும். நீ கூடும்னு சொல்லிடு. நானும் கூட நின்னு சொல்றேன். உன் மானமும் நிக்கும், ரொட்டியும் புஸ்ஸுன்னு உப்பும்."

நல்லது நினைத்துத்தான் சொன்னார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அதுதான் வேதனை. நன்றி சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 7

முடியாது.

ஹாயின் மிட்டாய் என்றால் மாறவில்லை, என் ரொட்டி என்றால் மாறிவிட்டது — இதை அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்? சொல்லலாம், கிதாபிலும் இடம் இருக்கிறது. ஆனால் எனக்கு வசதியான இடத்தில் மட்டும் கிதாபைத் திறந்தால், ஹாய்க்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவராவது பணத்துக்குச் செய்கிறார். நான் மானத்துக்குச் செய்தவளாவேன்.

வகுப்பில் சொன்னேன். "தலைவர் சொன்னது உண்மைதான். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அது கூடும்னு தாவூத் ஆஹோங் சொல்றார். அவர் சொல்றது சரியாவும் இருக்கலாம். ஆனா இந்த மீலாதுக்கு அந்த மாவு வேணாம். கல் எந்திரத்துல அரைச்ச வெறும் கோதுமை மாவுல சுடுவோம்."

ஒரே கூச்சல்.

"உப்பாதே அக்கா!"

"தெரு பூரா என்ன சொல்லும்? அவங்க வீட்டு ரொட்டி செருப்பு மாதிரி இருந்துச்சும்பாங்க!"

எங்கள் தெருவில் எண்ணெய் ரொட்டி உப்புவது விளையாட்டுக் காரியமில்லை. தொழுகைக்குப்போல் கைகால் முகம் கழுவி ஒளு செய்து, பேச்சில்லாமல், வாணலி முன் உட்கார்ந்து சுடுவது. ரொட்டிக்கு முகம் உண்டு. அது மேலே பார்க்கத்தான் தட்டில் வைப்போம், பிய்க்கும்போதும் அப்படியே. முகம் பொன்னிறமாக உப்பி நின்றால் சுட்டவளுக்கு ஊரில் பேர். உப்பவில்லை என்றால் அவள் ஒளுவிலேயே சந்தேகப்படுவார்கள் சிலர்.

"உப்பலைன்னா உப்பலைன்னு குடுப்போம்" என்றேன். "செருப்பு மாதிரி இருந்தா நான் சொல்லிக் குடுத்த செருப்புன்னு சொல்லுங்க."

செப்டம்பர் 20

ஒத்திகை. மாவை இழுத்தால் சுருங்கிக்கொள்கிறது, கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி. எண்ணெயில் போட்டதும் ஓரம் கொஞ்சம் தூக்கியது, அப்படியே படுத்துவிட்டது. நிறம் வேறு கறுத்துப்போயிற்று. வாணலி முன் உட்கார்ந்திருந்தது ஜமீலா. அவள் கைக்குத் தெருவிலேயே பேர் உண்டு.

தட்டில் கிடந்ததை எல்லோரும் குனிந்து பார்த்தோம். தியெ லான் ஒரு துண்டு பிய்த்து மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"ருசி இருக்கு அக்கா. பல்லுதான் இருக்கணும்" என்றாள்.

அழ வேண்டியதற்குச் சிரித்தோம். அப்புறம் நான் அறைக்கு வந்து அழவும் அழுதேன்.

செப்டம்பர் 27, மீலாது

காலையில் ஹாயின் ஆள் மிட்டாய்ப் பெட்டிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் அடுக்கினான். திருப்பி அனுப்பவில்லை. வாசலோரம் வைக்கச் சொன்னேன். "வேணுங்கிறவங்க போகும்போது எடுத்துக்கலாம். தட்டுல வராது" என்று அறிவித்தேன். சிலர் எடுத்தார்கள். ஒளித்து எடுத்துப் போனவர்களைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

தட்டில் வந்தது எங்கள் ரொட்டி. தட்டை, கறுப்பு, சுருங்கின முகம். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிய்த்தேன். பிய்க்கவே வரவில்லை, இரண்டு கையாலும் இழுத்தேன். பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். மென்றேன். தாடை வலித்தது. இந்த வருடம் போல ஒரு வாயை நான் இந்தப் பள்ளிவாசலில் வைத்ததில்லை. என் நெஞ்சில் அவ்வளவு நிம்மதி.

வீட்டுக்கு வீடு அனுப்பினோம். சிலர் வாங்கிக்கொண்டார்கள். ஆண்கள் பக்கத்துக் கிழவர் ஒருவர் ரொட்டியால் கதவு நிலையைத் தட்டிக் காட்டினாராம். டொக் டொக்கென்று சத்தம் வந்ததாம். தெருவே சிரித்திருக்கிறது.

சிரிக்கட்டும்.

அக்டோபர் 6

ஒப்பந்தம் புதுப்பிப்பதாக இருந்தால் குழு புது அங்கியோடு இன்று வந்திருக்க வேண்டும். முற்றத்தைப் பெருக்கி, தேநீர் வைத்துக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. தேநீரை நானே குடித்தேன்.

அக்டோபர் 9

தாவூத் ஆஹோங் ஆள் அனுப்பியிருந்தார். குழுவில் எனக்காகப் பேசினாராம். எடுபடவில்லையாம். பேசினாரே, அதுவே பெரிசு. வாத்து முட்டை பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுச் சொல்லியனுப்பினேன். "முட்டைக்கு நான் இன்னும் பதில் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று பதில் வந்தது.

அக்டோபர் 15

அறையைக் காலி செய்தேன். என் கணவர் சூப் வண்டியையே கொண்டுவந்துவிட்டார், சாமான் ஏற்ற. பெண்கள் அழுதார்கள். "அடுத்த தெருவுக்குத்தானே போறேன், மௌத்தாவா போயிட்டேன்?" என்று அதட்டினேன். வெளி மாவட்டத்திலிருந்து புது ஆஹோங் வருகிறாளாம். ஸுமையா என்று பேர். சின்ன வயது. குழு சொல்வதைக் கேட்கும் பெண் என்று பேச்சு.

என் அங்கியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

நவம்பர் 3

வெங்காயம். வெங்காயம். வெங்காயம். அவரைவிடப் பொடியாகத்தான் நறுக்குகிறேன்.

ஜனவரி 22

எங்கள் வகுப்புக் கிழவி ஒருத்தி மௌத்து. 'நீங்கதான் குளிப்பாட்டணும்' என்று சொல்லி வைத்திருந்தவள். புது ஆஹோங் குளிப்பாட்டினாள். நான் வாசலில் நின்றேன்.

இதற்கு மட்டும் எனக்கு வீறாப்பு ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். கடைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 11

ஹாயின் மிட்டாய் நன்றாகவே ஓடுகிறது. அதே பச்சை முத்திரை, அதே ஜெலட்டின். பேருந்து நிலையத்தில் பெரிய பலகை வைத்திருக்கிறார். நான் தோற்றுவிட்டேன் என்று யாராவது சொன்னால் இல்லை என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வேன். மாறவில்லை, மாறவில்லை, மாறவில்லை.

செப்டம்பர் 16, மீலாது

இந்த வருடம் முற்றத்துக்குப் போகவில்லை. போனால் புது ஆஹோங்குக்குச் சங்கடம், எல்லோரும் என் வாயையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். கடையைத் திறந்து வைத்து, மிளகு இடித்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் தட்டுகள் வர ஆரம்பித்தன. மீலாதுக்கு வீட்டுக்கு வீடு ரொட்டி அனுப்புவது வழக்கம்தானே, எங்களுக்கும் வரத்தானே செய்யும் என்று முதல் தட்டைப் பார்க்காமலே வாங்கி வைத்தேன். தியெ லான் வீட்டுத் தட்டு. துணியை விலக்கினேன். தட்டையாக, கறுப்பாக ஒரு ரொட்டி. இவளுக்குச் சுட வராது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தட்டும் அப்படி. அதற்கடுத்ததும்.

நாலாவது தட்டோடு ஜமீலா வந்தாள், ஹாய் தலைவர் வீட்டு நீலப் பூப்போட்ட தட்டு. இந்தத் தெருவில் அவளைப்போல் உப்ப வைக்கிறவள் கிடையாது. துணிக்கடியில் செருப்பு மாதிரி ஒன்று படுத்திருந்தது.

"உங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாரா?" என்று கேட்டேன்.

"வேற சுடலையே. இதைத்தான் சாப்பிடணும்" என்றாள். "பல்லு வலிக்குதுன்னார்."

அவள் போன பிறகு இன்னும் வந்தன. தட்டு வைக்க இடமில்லாமல் என் கணவர் சூப் கிண்ணங்களை நகர்த்தினார். கொடுத்தார்கள், ஸலாம் சொன்னார்கள், போனார்கள். கடைசியாகப் பெண்கள் பள்ளிவாசலிலிருந்தே ஒரு தட்டு. புது ஆஹோங் ஸுமையாவே எடுத்து வந்திருந்தாள். அதுவும் உப்பவில்லை.

"இங்க வழக்கமே இப்படித்தான், கல் மாவுலதான் சுடணும்னு எல்லாரும் சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண். "எத்தனை வருஷமா அக்கா இந்த வழக்கம்?"

"ரொம்ப நாளா" என்றேன்.

உட்காரச் சொல்லி சூப் ஊற்றினேன். அவள் சாப்பிடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஏன் என்று முதலில் புரியவில்லை. என் கணவரைப் பார்த்தேன், அவரும் சும்மா நின்றார். அப்புறம்தான் தெரிந்தது, அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிஸ்மில்லாஹ் சொல்லி, முகம் மேலே இருக்கப் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்துப் பிய்த்தேன்.